கொம்பனித்தெருவுக்கு எத்தனை பெயர்?

கொழும்பு 2 என்று உறையில் எழுதிப் போட்டால் கடிதம் போய்ச் சேருகிற இடத்துக்குச் சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய என்று பெயர். தமிழில் கொம்பனித்தெரு. இரண்டும் ஒரே பெயர்தான், உச்சரிப்புத்தான் வேற. ஆங்கிலம் மட்டும் இவற்றோடு சேராமல் தனிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு. 2022ஆம் ஆண்டின் கடைசியில் அப்போதைய பிரதமர் தினேஷ் குணவர்தன, இனிமேல் மூன்று மொழியிலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே பாவிக்கவேண்டும் என்று பணிப்புரை விடுத்தார். காலனித்துவ அவமானம் துடைக்கப்பட்டது என்று கன பேர் சந்தோஷப்பட்டார்கள். அடிமை என்ற சொல்லோடு சேர்த்து 'தெரு' என்ற தமிழ்ச் சொல்லும் அரச கடதாசியில் இருந்து போகப்போகுது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

கொழும்பில் பழைய இடம் ஒன்றைப் பற்றிக் கதைக்கிற நேரமெல்லாம் வாதம் ஒரே தடத்தில்தான் ஓடும். ஒரு பக்கம் மரபுரிமை, மறு பக்கம் அபிவிருத்தி. பழைய கட்டடத்தின் மஞ்சள் வெளிச்சப் படத்தை ஒருவர் போடுவார். "நகரம் முன்னேற வேண்டாமா?" என்று இன்னொருவர் கீழே எழுதுவார். கொம்பனித்தெருவைப் பற்றிய வாதமும் அப்படித்தான். அந்த ஊரின் முந்நூற்றைம்பது வருஷக் கதையைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்தால், வாதம் பிழையான இடத்தில் நடக்குது என்றே எங்களுக்குப் படுகிறது. அங்கே பிரச்சினை பழசா புதுசா என்பது ஒருநாளும் இல்லை. அங்கே யார் இருக்கலாம், எவ்வளவு காலத்துக்கு இருக்கலாம், அதை யார் தீர்மானிப்பது? பிரச்சினை எப்பவும் அதுதான்.

முதலில் தீவு. இப்போது போய்ப் பார்த்தால் அங்கே தீவு ஒன்றும் இல்லை. யூனியன் பிளேஸில் வாகன நெரிசல், புகையிரதக் கடவை, ஓட்டோக்கள், அவ்வளவுதான். ஆனால் பேர வாவி ஒருகாலத்தில் இன்றைக்கு உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். போர்த்துக்கேயர் தங்கள் கோட்டையைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீரைத் தேக்கி உருவாக்கிய வாவி அது. 1656ல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் அந்தத் தண்ணீரை வேறு ஒரு வேலைக்கும் பயன்படுத்தினார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சொந்தமான அடிமைகள் பகல் முழுக்கக் கோட்டையிலும் துறைமுகத்திலும் வேலை செய்வார்கள். பொழுதுபட்டதும் வள்ளத்தில் ஏற்றி வாவிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். தப்பி ஓடாமல் இருக்க வாவியில் முதலை விட்டிருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மிகப் பிடித்த கதை. முதலை இருந்ததோ இல்லையோ, தண்ணீர் இருந்தது, காவல் இருந்தது, ஓடிப்போனாலும் போவதற்கு ஒரு வீடு கிட்டத்தில் இல்லை. அதுவே காணும்.

இந்த அடிமைகள் யார்? எந்த இணையக் கட்டுரையைத் திறந்தாலும் 'காப்பிரிகள்', அதாவது ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆபிரிக்கர்கள் இருந்தது உண்மை. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் புத்தளம் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஆனால் கதையில் பாதி அதில் இல்லை. ஒல்லாந்தர் அடிமைகளை வாங்கிய முக்கியமான சந்தைகளில் ஒன்று சோழமண்டலக் கரை. 1659, 1660, 1661ஆம் ஆண்டுகளில் தஞ்சாவூர்ப் பகுதியைப் போரும் பஞ்சமும் சேர்ந்து தின்றபோது, சாப்பாட்டுக்கு வழியில்லாத சனம் தங்களையும் தங்கட பிள்ளைகளையும் விற்றது. நாகபட்டினம் போன்ற துறைமுகங்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பனி கப்பலேற்றியது. ஒரு பகுதி பத்தாவியாவுக்கு, ஒரு பகுதி மலாக்காவுக்கு, ஒரு பகுதி இலங்கைக்கு. தமிழ் பேசிய சனம். கம்பனிப் பதிவேடுகளில் அவர்களுக்கு ஊரும் இல்லை, தகப்பன் பேரும் இல்லை. எசமான் வைத்த ஒரு பெயர், அதற்குப் பின்னால் எந்தக் கரையில் வாங்கினது என்ற குறிப்பு. சாமான் பெட்டியில் ஒட்டுகிற சீட்டு மாதிரி. 17ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் கொழும்புக் கோட்டைக்குள்ளும் அதை ஒட்டிய நகரத்துக்குள்ளும் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகள். அதாவது இந்த நகரத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் இரண்டில் ஒருவர்.

சோழர் கப்பல் போன கதையை நாங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் படித்திருப்போம்! அதே கடலில், அதே கரையில் இருந்து, விலைக்கு வாங்கப்பட்டு இங்கே வந்திறங்கிய தமிழ்ச் சனத்தைப் பற்றி ஒரு பந்தி எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அடிமை என்ற கதையைத் திறந்தால் அது வெள்ளைக்காரனோடு மட்டும் நிற்காது. 1818ல் பிரித்தானியர் கொண்டுவந்த ஒழுங்குவிதி, வடக்கில் கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயரையே குறிப்பிட்டு அடிமைகளைப் பதிவு செய்யச் சொன்னது. அந்த அடிமைகளின் சொந்தக்காரர்கள் ஒல்லாந்தர் அல்ல, எங்கட ஆட்கள். 1816ல் கொழும்பில் ஒல்லாந்த வழிவந்த எசமானர்கள், அந்த வருஷம் ஓகஸ்ட் 12ஆந் திகதிக்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். இலங்கை முழுவதும் அடிமைமுறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1844ல்தான். அந்தச் சட்டம் வந்த பிறகு விடுதலையான சனம் எங்கே போனது, யாரோடு கலந்தது, யாருடைய பெயரை எடுத்துக்கொண்டது என்பதெல்லாம் கொழும்பின் தோட்டங்களுக்குள்ளும் ஒழுங்கைகளுக்குள்ளும் கரைந்துபோயிற்று. மிஞ்சியது ஒரு இடப்பெயர் மட்டும்.

இனி மற்றப் பெயர். 'கொம்பனி' என்பது ஒல்லாந்தக் கம்பனியைக் குறிக்குது என்று ஒரு சாரார் சொல்வார்கள். இல்லை, அது படைப்பிரிவைக் குறிக்கிற கொம்பனி, மலாய்ச் சிப்பாய்களின் கொம்பனிகள் தங்கியிருந்த தெரு என்று இன்னொரு சாரார். இரண்டுக்கும் நியாயம் இருக்குது. எந்த விளக்கத்தை எடுத்தாலும், அந்த ஊரின் பெயரில் வாழ்கிறவன் அங்கே வாழ்ந்தவன் இல்லை, அவனை வேலைக்கு வைத்திருந்தவன்.

மலாயர் கதை தனியாக எழுதவேண்டிய கதை. ஒல்லாந்தர் ஜாவாவிலும் அயல் தீவுகளிலும் இருந்து சிப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். தங்களுக்குத் தொல்லையாக இருந்த அரச குடும்பத்தாரையும் இங்கே நாடுகடத்தினார்கள். மாத்தறாம் அரசன் மூன்றாம் அமாங்குராட்டையே 1708ல் இலங்கைக்கு அனுப்பினார்கள். அரசனும் சிப்பாயும் அடிமையும் ஒரே கம்பனியின் கப்பலில்! 1796ல் பிரித்தானியரிடம் கொழும்பு கைமாறியபோது மலாய்ச் சிப்பாய்களும் கைமாறினார்கள். பிறகு இலங்கை ரைபிள் படையணி என்று பெயர் எடுத்த படைக்கு முதுகெலும்பு அவர்கள்தான். மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்று இன்றைக்கும் பலகையில் இருக்கிற பெயர்களெல்லாம் அந்தக் காலத்து மிச்சம். வேகந்தப் பள்ளிவாசலும் அப்படியே. பந்தான் பாலி என்ற ஜாவாக்காரர் 1786ல் வாங்கிய காணியில் எழுந்த பள்ளி அது என்பார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த பாபா ஊனுஸ் சல்தின் என்பவர் 1869ல் கொழும்பில் 'ஆலாமாத் லங்காபுரி' என்ற பத்திரிகையை வெளியிட்டார். அரபு எழுத்தில் மலாய் மொழி. உலகத்தில் வெளிவந்த மலாய்ப் பத்திரிகைகளில் மிகப் பழையவற்றில் அது ஒன்று. சிங்கப்பூரில் பெயர்பெற்ற 'ஜாவி பெரானக்கன்' வந்தது 1876ல். கொழும்பில் மலாய் இலக்கியம் இருந்தது என்று சொன்னால் எங்கள் பேட்ச் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். வட்டலப்பத்தைச் சாப்பிடுவார்கள், அது எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

1873ல் ரைபிள் படையணியைக் கலைத்தார்கள். செலவு கூடிப்போச்சாம். தலைமுறை தலைமுறையாகத் துவக்குப் பிடித்த குடும்பங்கள் ஒரே உத்தரவில் வேலையில்லாமல் நின்றன. கொஞ்சப் பேர் பொலிஸில் சேர்ந்தார்கள், கொஞ்சப் பேர் தீயணைப்புப் படையில், கொஞ்சப் பேர் மலையகத் தோட்டங்களில் உத்தியோகத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் கொம்பனித்தெருவிலேயே இருந்தார்கள். ஆக, இந்த ஊர் ஒருதரம் இல்லை, பலதரம் கலைக்கப்பட்ட ஊர்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பேர வாவிக் கரையெல்லாம் களஞ்சியங்கள். தேயிலையும் காரீயமும் வாவி வழியாகத் துறைமுகத்துக்குப் போயின. 1866ல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பனி கிளெனி வீதிக்கு வந்தது. நாங்கள் குடிக்கிற எலிபன்ட் ஹவுஸ் சோடாவின் பூர்வீகம் அதுதான். துறைமுகத்துக்கும் களஞ்சியங்களுக்கும் மாநகரசபைக்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தென்னிந்தியாவில் இருந்து தமிழரும் மலையாளிகளும் வந்தார்கள். கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரம் நிற்கிறது. கொஞ்சம் நடந்தால் பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் நடந்தால் செபமாலை மாதா தேவாலயம், வாவிப் பக்கம் திரும்பினால் விகாரை. இதையெல்லாம் அடுக்கி 'நல்லிணக்கத்தின் அடையாளம்' என்று பேச்சுப்போட்டியில் சொல்வது வழக்கம். எங்களுக்கு அந்த வார்த்தையில் கொஞ்சம் அலுப்பு. அந்தச் சனம் நல்லிணக்கத்துக்காக ஒரே ஒழுங்கையில் குடியிருக்கவில்லை. வாடகை குறைவு, வேலைக்கு நடந்து போகலாம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடியால் ஒருத்தர் மொழி மற்றவருக்கு வந்தது, ஒருத்தர் சமையல் மற்றவர் வீட்டுக்குப் போனது. புட்டுக்கு பாபத் வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் இப்படித்தான் வந்திருக்கவேண்டும். புட்டு யாருடையது, பாபத் யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. (தெரியாதவர்களுக்கு: பாபத் என்றால் மாட்டுக் குடல் கறி. முகத்தைச் சுளிக்காமல் ஒருக்காச் சாப்பிட்டுப் பாருங்கோ.)

அந்த நெருக்கம் எல்லாத்தையும் காப்பாற்றவில்லை என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 1965ல் ஒரு தமிழ்க் குடும்பம் கட்டித் திறந்த ரியோ திரையரங்கு, 70 மில்லிமீற்றர் படம் காட்டக்கூடிய வசதியோடு வந்தது. அந்தக் காலத்துக் கொழும்பில் அது பெரிய புதினம். நவீனம் என்றால் அதுதான் நவீனம். 1983 ஜூலையில் அதையும் அதோடு இருந்த ஹோட்டலையும் எரித்தார்கள். கரி பிடித்த சுவர்களோடு அந்த ஹோட்டல் கட்டடம் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு 2010களில் கலைவிழாக்காரர்கள் அந்தப் பாழடைந்த மாடிகளைக் கண்டுபிடித்தார்கள். ஓவியம், ஒளிப்படம், நிறுவல் கலை எல்லாம் அங்கே வைத்தார்கள். பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவர் ஏன் கறுத்திருக்கு என்று கேட்டிருப்பார்கள்? கேட்டவர்களும் இருந்தார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எரிந்த இடம் அழகான பின்னணியாக மாறுவதற்கு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. மரபுரிமை என்ற சொல் சில நேரம் செய்கிற வேலை இது. நடந்ததைக் கழுவி, தோற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்.

போர் முடிந்ததும் கொழும்பை அழகுபடுத்தவேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2010ல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். வீடமைப்பும் நகர அமைப்பும் பாதுகாப்பு அமைச்சுக்கு! இப்போது வாசிக்கும்போது ஆச்சரியமாக இருக்கும், அப்போது பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. அதே வருஷம் மே மாதம் 8ஆந் திகதி, கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இருந்த வீடுகளைப் படையினரின் காவலோடு வந்து இடித்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பு முழுக்க ஏறத்தாழ 70,000 குடும்பங்களை 'வசதி குறைந்த குடியிருப்புகளில்' இருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றுவது என்ற திட்டம். வனாத்தமுல்லவிலும் தெமட்டகொடையிலும் உயரமான கட்டடங்கள் எழும்பின. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லும் 2015லும் வெளியிட்ட அறிக்கைகளை வாசித்துப் பாருங்கள். சனத்தின் முக்கியமான முறைப்பாடு மாடி வேண்டாம் என்பது இல்லை. தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது. கூப்பிட்டுச் சொன்னார்கள், கேட்கவில்லை. அதோடு சொந்த வீட்டில் இருந்தவர்களைக்கூடப் புது மாடி வீட்டுக்குப் பத்து லட்சம் ரூபாவைத் தவணையாகக் கட்டச் சொன்னார்கள்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். கொம்பனித்தெருவை வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் 'சேரி' என்பார்கள். சேரி என்றால் அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று அடுத்த நினைப்பு வரும். அங்கே இருந்த பல குடும்பங்களின் கையில் காணி உறுதி இருந்தது. 1973ஆம் ஆண்டு வீடமைப்புச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, கொழும்பில் வாடகைக்கு இருந்த எத்தனையோ பேர் தாங்கள் இருந்த வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனார்கள். வரி கட்டினார்கள், மின்கட்டணம் கட்டினார்கள், வாக்குப் போட்டார்கள். காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 'பொதுத் தேவை' என்று ஒரு சொல் இருக்கிறது. அது 1950ஆம் ஆண்டுச் சட்டம். வீதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போடக் காணி எடுப்பதற்கு வந்த சொல் என்று நினைப்போம். ஜாவா லேன் பக்கத்துக் காணி போனது இந்தியாவின் டாட்டா ஹவுசிங்கோடு சேர்ந்து செய்கிற கலப்பு அபிவிருத்தித் திட்டத்துக்கு. ஆடம்பர வீடும் கடைத்தொகுதியும் யாருடைய பொதுத் தேவை? அங்கே இருந்தவர்களுக்கு அதே கொம்பனித்தெருவில் மாடி வீடு தருவோம், அதுவரை வாடகைக்கு இருங்கோ என்று சொன்னார்கள். வாடகை வீட்டில் வருஷங்கள் போயின. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அந்த இடைப்பட்ட காலத்தில் மௌத்தான பெரியவர்கள் திரும்பி வரவே இல்லை.

இப்போது வானத்தைப் பார்த்தால் 68 மாடி ஆல்டெயர் சாய்ந்து நிற்கிறது. வாவி ஓரம் பழைய ஐஸ் கம்பனிக் காணிப் பக்கம் சினமன் லைஃப். கொஞ்சத் தூரத்தில் தாமரைக் கோபுரம். இரவில் அந்த வெளிச்சம் எல்லாம் பேர வாவியில் விழும்போது அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

மரபுரிமைப் பக்கத்து ஆட்கள் இந்தக் காலம் முழுக்க எதற்காகச் சண்டை பிடித்தார்கள்? பெரும்பாலும் டி சொய்சா கட்டடத்துக்காக. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870களில் கட்டிய வரிசைக் கடைக் கட்டடம் அது. செங்கல் நிறம், மேல்மாடி வளைவுகள், கீழே தேத்தண்ணிக் கடையும் சலூனும் தையல் கடையும். கொழும்பில் அந்தக் காலத்துக் கடைத்தெரு எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு மிஞ்சியிருந்த ஒரு சிலவற்றில் ஒன்று. 2020களின் தொடக்கத்தில் அதுவும் இடிபட்டது. எங்களுக்கும் கவலைதான். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ல் இருந்து இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க அதில் வழி உண்டு. ஆனால் அறிவித்தால்தான் பாதுகாப்பு. அறிவிக்காத கட்டடத்துக்கு எத்தனை வயதானாலும் அது வெறும் பழைய கட்டடம்.

அந்தச் சட்டத்தையும் அதைச் சுற்றி நடந்த போராட்டத்தையும் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு கேள்வி. கட்டடத்தை அறிவிக்க ஒரு வழியாவது இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஐம்பது வருஷமாகத் தையல் மெசின் மிதித்தவரை அறிவிக்க என்ன வழி? அந்தக் கட்டடத்தை அப்படியே வைத்து, உள்ளே இருந்த கடைக்காரரை எழுப்பி, கோப்பி ஒன்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு விற்கிற கடை போட்டிருந்தால், மரபுரிமைக்காரர்கள் வென்றதாகத்தான் சொல்லியிருப்பார்கள். காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுவரும் கதவும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் கோட்டைக்குள் தலைமுறையாக இருந்த எத்தனையோ சோனகக் குடும்பங்கள் வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டன. வீடு ஹோட்டலானது. அங்கே யாரும் புல்டோசரோடு வரவில்லை. காசோடு வந்தார்கள்.

மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாங்களும் மஞ்சள் வெளிச்சப் படம் போடுகிற ஆட்களாகிவிடுவோம். தோட்டத்துக்குள் பத்து வீட்டுக்கு ஒரு பொதுக் கழிப்பறை. மழை பெய்தால் கானுத் தண்ணி வீட்டுக்குள். பொம்பிளைப் பிள்ளை இரவில் வெளியே போகவேண்டும் என்றால் கூட ஒராள். இதை மரபுரிமை என்று ஒருவர் சொன்னால், அங்கே இருக்கிற அக்காமார் அவரை ஒரு நாள் வந்து இருந்து பார்க்கச் சொல்வார்கள். கமெராவோடு ஒழுங்கைக்குள் நுழைகிற எங்களைப் போன்ற கம்பஸ் பிள்ளைகளைப் பார்த்து அந்தச் சனம் சிரிப்பதற்கும் காரணம் இருக்கு. நல்ல வீடு, உள்ளே கழிப்பறை, பெயரில் உறுதி. இது எல்லாருக்கும் இருக்கிற ஆசை. நவீனத்தை வேண்டாம் என்று சொன்னவர்கள் அங்கே யாரும் இல்லை. ரியோ திரையரங்கு வந்தபோது வரிசையில் நின்று ரிக்கற் எடுத்த சனம்தானே அது. அவர்கள் கேட்டது நவீனத்தில் தங்களுக்கும் ஒரு இடம்.

இதைக் கொஞ்சம் வேற மாதிரிச் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஃபிரி ரஹ்மான் என்ற கலைஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 'வி ஆர் ஃப்ரம் ஹியர்' என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். 'நாங்கள் இங்கேதான்' என்று வைத்துக்கொள்ளலாம். கொம்பனித்தெருச் சனத்தின் முகத்தை அதே தெருச் சுவரில் வரைந்தார்கள். சுவர் பழசா, வாஸ்து நல்லதா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். யார் என்பது முதல். வரைந்த சுவர்களும் ஒரு நாள் இடிபடும் என்று தெரிந்துதான் வரைந்திருப்பார்கள். அதனால் அந்த வேலை குறைந்துபோகாது.

திரும்பவும் பெயருக்கு வருவோம். 'அடிமைத் தீவு' என்ற முகவரியோடு ஒரு பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் போட வெட்கப்பட்டால், அந்த வெட்கம் எங்களுக்கு விளங்குகிறது. ஊர்ச் சனம் தங்கள் பெயரை மாற்றக் கேட்டால் அது அவர்களுடைய உரிமை. ஆனால் இந்தப் பெயரை மாற்றியபோதும் மியூஸ் வீதியில் நடந்த மாதிரித்தான் நடந்தது. மேலே இருந்து உத்தரவு வந்தது, பலகை மாறியது. அவமானம் யாருடையது என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. பஞ்சத்தில் பிள்ளையை விற்ற தஞ்சாவூர்த் தாய்க்கு அதில் அவமானம் இல்லை. வாங்கியவனுக்குத்தான். 'அடிமை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கொம்பனி' என்ற சொல்லை விட்டுவைத்திருக்கிறோம். கம்பனி என்பதை ஒல்லாந்தக் கம்பனி என்று எடுத்துக்கொண்டால், வாங்கப்பட்டவர் பெயரை அழித்துவிட்டு வாங்கியவன் பெயரை மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறோம்!

பழைய ஆங்கிலப் பெயரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வாவி ஓரமாக இப்போது அழகாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். சோழமண்டலத்தில் இருந்தும் ஆபிரிக்காவில் இருந்தும் ஜாவாவில் இருந்தும் கொண்டுவரப்பட்டவர்களை இந்த இடத்தில்தான் இரவில் அடைத்து வைத்தார்கள் என்று அங்கே மூன்று மொழியிலும் ஒரு கல் வைக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே, 2010க்குப் பிறகு இந்தத் தெருக்களில் இருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கும் ஒரு கல்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்த நேரம் வேகந்தப் பள்ளிப் பக்கம் போனால், தெமட்டகொடைப் பக்கம் மாறிப்போனவர்கள் சிலர் இன்றைக்கும் பஸ் பிடித்து அங்கேதான் தொழ வருகிறார்கள். தொழுதுவிட்டு உடனே போவதில்லை. தேத்தண்ணி ஒன்றைக் குடித்துக்கொண்டு, ஆருடைய மகனுக்கு எங்கே வேலை, எந்த மாடியில் லிஃப்ட் பழுது, ஆருக்கு இன்னும் உறுதி கைக்கு வரவில்லை என்று கதைத்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று மணிபோலக் கலைந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடப்பார்கள்.